பழைய எம்எக்ஸ்-5 வாங்கும் முன்: எங்கே குனிந்து பார்க்க வேண்டும்?

பிரிட்டனுக்கு வேலைக்கு வந்து கொஞ்ச நாள் ஆனதும், கார் பிரியம் உள்ள நம் ஆட்களுக்கு ஓர் ஆசை எட்டிப் பார்க்கும். ஊரில் போஸ்டரில் மட்டுமே பார்த்த, கூரை திறக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் இங்கே சில ஆயிரம் பவுண்டுக்கு விற்பனைக்கு நிற்கிறது. ஆனால் அதற்கு வயது 20, 30 ஆகியிருக்கும். வாங்கினால் ஓடுமா, மெக்கானிக் கடையிலேயே குடியிருக்குமா என்ற பயம் வருவது இயல்பு.

அந்தப் பயத்தோடு இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். எடுத்துக்கொண்டிருப்பது மஸ்டா எம்எக்ஸ்-5. அமெரிக்காவில் மியாட்டா என்பார்கள். என்னுடைய முதல் காரை ஒரே மாலையில் பார்த்து, ஆசைப்பட்டு, அன்றே பணம் கொடுத்து வாங்கினேன். இரண்டாவதைத் தேட நான்கு மாதம் எடுத்துக்கொண்டேன். ஏழு கார் பார்த்தேன். நடுவில் கற்றுக்கொண்டதுதான் இதில் இருக்கிறது. அதில் முக்கியமானதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் காரின் உயிரை எடுப்பது துரு. எஞ்சின் கோளாறு எதுவானாலும் ஒரு விலைக்குள் சரிசெய்துவிடலாம், அடித்தகடு போனால் கார் போச்சு.

எந்த வருடத்து வண்டி?

எம்எக்ஸ்-5 அறிமுகமானது 1989 பிப்ரவரியில், சிகாகோ மோட்டார் ஷோவில். 1960-களின் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்கள், குறிப்பாக லோட்டஸ் எலான், கொடுத்த சுகத்தைக் கொடுக்க வேண்டும், ஆனால் தினமும் காலையில் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆக வேண்டும் என்பதுதான் யோசனை. எடை ஒரு டன்னுக்கும் கீழே, எஞ்சின் முன்னால், இழுப்பது பின் சக்கரம். எஞ்சின் குடும்பக் கார்களில் ஏற்கெனவே அடிபட்டுத் தேறிய வகை. அதனால்தான் 30 வருடம் கழித்தும் ஓடுகிறது. 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இவ்வளவு விற்றிருப்பதால் உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் காரில் இது பெரிய பாக்கியம்.

முதல் தலைமுறைக்கு என்ஏ என்று பெயர், 1989 முதல் 1997 வரை. விளக்கு மேலே எழும்பித் திறக்கும். அடுத்தது என்பி, 1998 முதல் 2005 வரை. விளக்கு நிலையானது, பின் கண்ணாடி உண்மையான கண்ணாடி. இந்த இரண்டைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

என்ஏ-வில் ஆரம்பகால 1.6 லிட்டர் எஞ்சின் சுமார் 115 குதிரைத்திறன் கொடுக்கும். 1.8 பிறகு வந்தது. 1995 முதல் பிரிட்டனில் விற்ற 1.6-ஐ மட்டும் சுமார் 90 குதிரைத்திறனுக்குக் குறைத்துவிட்டார்கள். விளம்பரத்தில் இதைப் பலர் சொல்வதில்லை, நீங்கள்தான் வருடத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். அப்புறம், ‘யூனோஸ் ரோட்ஸ்டர்’ என்ற பெயரில் ஜப்பானிலிருந்து இறக்குமதியான வண்டிகளும் இங்கே நிறைய. சேஸிஸ் எண் என்ஏ6 என்று ஆரம்பித்தால் 1.6, என்ஏ8 என்றால் 1.8. மீட்டர் கிலோமீட்டரில் இருக்கலாம், மைலுக்கு மாற்றியிருக்கலாம். எது எப்போது மாற்றப்பட்டது என்று கேட்காமல் ஓட்டக் கணக்கை நம்பாதீர்கள்.

லண்டனுக்குள் குடியிருப்பவர்கள் இங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். 2023 ஆகஸ்ட் 29 முதல் யுலெஸ் எனும் மாசுக் கட்டண வளையம் லண்டனின் எல்லா பரோக்களுக்கும் (நகராட்சிப் பகுதிகளுக்கும்) வந்துவிட்டது. பெட்ரோல் கார் பொதுவாக 2006 அல்லது அதற்குப் பிந்தையதாக இருந்தால்தான் தப்பும். என்ஏ, என்பி பெரும்பாலும் மாட்டும். ஓட்டும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. ஹாரோவிலும் ஈஸ்ட் ஹாமிலும் இருக்கும் நம் ஆட்களுக்கு இது நேரடியாக உறைக்கும் விஷயம். வண்டி எண்ணைப் போட்டு லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் முதலில் பாருங்கள். இன்சூரன்ஸ் தொகையையும் அதே உட்காரலில் விசாரித்துவிடுங்கள். வயது 25-க்குக் கீழ் என்றால் காரின் விலையைவிட அது உங்களை யோசிக்க வைக்கும்.

வீட்டிலிருந்தே பாதி வேலை

விளம்பரம் பிடித்திருந்தால் உடனே கிளம்ப வேண்டாம். வண்டி எண் மட்டும் போதும், அரசுத் தளத்தில் எம்ஓடி வரலாறு இலவசமாகக் கிடைக்கும். நம்மூர் எஃப்சி மாதிரி, இங்கே மூன்று வயதைத் தாண்டிய கார் ஒவ்வொரு வருடமும் தேற வேண்டிய சோதனைதான் எம்ஓடி. 2005-லிருந்து உள்ள பதிவுகள் தளத்தில் இருக்கின்றன. எந்த வருடம் எதற்காகத் தோற்றது, எப்போது எத்தனை மைல் ஓடியிருந்தது, சோதித்தவர் என்ன எச்சரிக்கை எழுதினார் என்று எல்லாம் வரிசையாக வரும்.

இதை ஜாதகம் படிப்பதுபோல நிதானமாகப் படிக்க வேண்டும். ‘துரு இருக்கிறது, இன்னும் பலம் குறையவில்லை’ என்ற பொருளில் ஒரு வருடம் எச்சரிக்கை இருக்கும். அடுத்த வருடம் அதே இடம் தோற்றிருக்கும், பிறகு தேறியிருக்கும். அப்படியென்றால் வெல்டிங் நடந்திருக்கிறது, ரசீதைக் கேட்கலாம். எனக்குக் கவலை தருவது வேறு மாதிரி வரலாறு. இரண்டு மூன்று வருடம் துரு எச்சரிக்கை வந்து, எந்த வேலையும் நடந்ததாகத் தெரியாமல், திடீரென்று ‘அடிப்பகுதி முழுக்கக் கறுப்புப் பூச்சு பூசப்பட்டுள்ளது’ என்று குறிப்பு வந்தால், துருவை மூடிவிட்டார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மைல் எண்ணிக்கை நடுவில் குறைந்திருக்கிறதா, சில வருடம் எம்ஓடியே இல்லாமல் வண்டி நின்றிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கடன் பாக்கி, விபத்துப் பதிவு இரண்டையும் சில பவுண்டு கட்டி விசாரிக்கலாம். தவணையில் எடுத்த கார் கடன் தீரும்வரை நிதி நிறுவனத்தின் சொத்து. விற்றவர் போய்விடுவார், நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் கழித்துவிட்ட வண்டிகளில் பழுதுபார்த்து ஓட்டக்கூடியவற்றை 2017 அக்டோபர் முதல் எஸ் (S), என் (N) என்று பிரிக்கிறார்கள். எஸ் என்றால் கட்டுமானத்தில் அடி. புதிதாக வாங்குபவர் எஸ் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் விற்பவருக்கு ஒரு போன். “நான் வரும்போது எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், முன்கூட்டியே ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்க” என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எத்தனை வருடமாக வைத்திருக்கிறார், டைமிங் பெல்ட் (எஞ்சின் வால்வுகளை நேரம் தவறாமல் இயக்கும் ரப்பர் பட்டை) கடைசியாக எப்போது மாற்றினார், கூரை ஒழுகுமா என்று கேளுங்கள். காரை நேசித்து வைத்திருப்பவர் இந்தக் கேள்விகளுக்கு நீளமாகப் பதில் சொல்வார், நீங்கள் கேட்காததையும் சேர்த்துச் சொல்வார்.

கையில் ஒரு பாட்டில் தண்ணீர்

பார்க்கப் போகும்போது டார்ச், பழைய பாய் அல்லது விரிப்பு, துணியில் சுற்றிய சின்ன காந்தம், ஒரு லிட்டர் தண்ணீர், இவ்வளவு எடுத்துக்கொள்ளுங்கள். பகலில், மழை இல்லாத நேரத்தில் போங்கள். நனைந்த பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

தண்ணீர் எதற்கு என்றால், எம்எக்ஸ்-5 துருப்பிடிக்கும் கதையே அங்கேதான் ஆரம்பிக்கிறது. துணிக்கூரையில் விழும் மழைநீர் பின்பக்கம் ஒரு கால்வாயில் சேர்ந்து, சீட்டுக்குப் பின்னால் இரு பக்கமும் உள்ள குழாய் வழியாக இறங்கி, பின் சக்கரத்துக்குச் சற்று முன்னால் தரையில் சொட்ட வேண்டும். இலை, தூசி, பாசி சேர்ந்து அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் உள்ளேயே வழிந்து, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகட்டுப் பகுதிக்குள் தேங்கும். இதைத்தான் சில் என்கிறார்கள். வெளியே பளபளவென்று இருக்கும்போதே உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். இரண்டும் சந்திக்கும் இடம் சில்லின் பின் முனை, பின் சக்கரத்துக்கு முன்னால் ஒரு சாண் அளவு.

விற்பவரிடம் அனுமதி கேட்டு, கூரையை மெதுவாகப் பின்னால் மடக்கச் சொல்லி, அந்தக் குழாய் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றுங்கள். என்ஏ-வில் பின் கண்ணாடி பிளாஸ்டிக். ஜிப்பைத் திறந்து கண்ணாடியைப் படுக்கவைத்த பிறகே மடக்க வேண்டும், இல்லாவிட்டால் விரிசல் விடும். ஊற்றிய தண்ணீர் சில விநாடிகளில் காருக்குக் கீழே வழிந்தால் நல்லது. வராமல் வாயிலேயே நின்றால், பல வருடமாக அப்படித்தான் நின்றிருக்கும். பிறகு சீட்டுக்குப் பின்னாலும் கால் வைக்கும் இடத்திலும் கார்பெட்டை அழுத்திப் பாருங்கள். ஈரமும் புழுங்கல் வாடையும் இருந்தால் சில்லைச் சந்தேகப்படுங்கள்.

இப்போது பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். சில்லின் பின் முனையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பெயிண்ட் குமிழ் விட்டிருந்தால் உள்ளே தகடு போய்விட்டது. காந்தத்தை நகர்த்திக்கொண்டே போங்கள். ஒட்டாத இடத்தில் ஓட்டையை மறைக்கப் பட்டி (புட்டி) வைத்திருக்கிறார்கள்.

என் முதல் காரை விற்றவர், அடியில் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருப்பதைப் பெருமையாகக் காட்டினார். நான் அதை நல்ல பராமரிப்பு என்று நம்பினேன். எட்டு மாதம் கழித்து எம்ஓடியில் தோற்றது. ஈழத்து அண்ணன் ஒருவர் நடத்தும் கராஜுக்குக் கொண்டு போனேன். அவர் ஸ்க்ரூடிரைவரின் பிடியால் சில்லை முன்னிருந்து பின்னாகத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங் என்று வந்த சத்தம் கடைசி ஒரு சாணில் ‘தொப்’ என்று செத்துவிட்டது. “தம்பி, இதுக்குள்ள இரும்பே இல்லை” என்றார். திருப்பிப் பிடித்து முனையால் குத்தினார். கறுப்புப் பூச்சோடு பட்டி பாளமாகப் பெயர்ந்தது. பின்னால் செய்தித்தாளைக் கசக்கி அடைத்து வைத்திருந்தார்கள். இரு பக்கமும் வெட்டி வெல்டிங் செய்ய 1,100 பவுண்டு. அன்றிலிருந்து எந்தப் பழைய காரைப் பார்த்தாலும் நான் முதலில் தட்டித்தான் பார்க்கிறேன்.

என்பி-யில் இன்னொரு இடம் உண்டு. முன் பம்பருக்குப் பின்னால் எஞ்சினின் இரு பக்கமும் ஓடும் சேஸிஸ் தண்டுகள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். தகடு ஒன்றின் மேல் ஒன்றாக இருப்பதால் நடுவில் ஈரம் தங்கிவிடுகிறது. அடியில் பிளாஸ்டிக் தட்டு மறைத்துக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து இடுக்கு வழியாகப் பாருங்கள், முடிந்தால் தட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். விபத்தில் மடங்கித் தாங்க வேண்டிய இடம் இது. சில்லை வெட்டி ஒட்டுவதைவிட இது கடினமான வேலை. இங்கே ஓட்டை இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் கிளம்பிவிடுங்கள்.

டிக்கியையும் திறந்து பாருங்கள். பேட்டரி அங்கேதான் இருக்கிறது. இந்தக் காருக்கென்று உள்ள மூடிய வகைக்குப் பதில் சாதாரண பேட்டரியை வைத்திருந்தால் அமிலம் கசிந்து தரையை அரித்திருக்கும்.

எஞ்சின்

பானெட் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், ஏன் என்று கேளுங்கள். ஆயில் அளவு, நிறம், ரேடியேட்டர் தண்ணீர் பார்த்த பிறகு ஸ்டார்ட் பண்ணச் சொல்லி நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை ஆயில் எரிவது. குளிரில் ஆரம்பத்தில் வரும் வெள்ளை ஆவி ஒன்றும் செய்யாது. சூடான பிறகும் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நீடித்தால் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது.

என்ஏ-வில் ஸ்டார்ட் ஆனதும் தையல் மெஷின் மாதிரி டிக் டிக் சத்தம் வரலாம். வால்வை இயக்கும் ஹைட்ராலிக் லிஃப்டரில் ஆயில் நிறைவதற்கு நேரம் எடுப்பதுதான். சூடானதும் அடங்கினால் பயப்பட வேண்டாம், நல்ல ஆயில் மாற்றினாலே பல கார்களில் குறைந்துவிடும். அடியிலிருந்து கனமாக, எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து கூடும் ‘தட் தட்’ வேறு; அது வந்தால் வேண்டாம்.

1989 முதல் 1991 வாக்கிலான 1.6-இல் மட்டும் ஒரு பிறவிக் குறை உண்டு. எஞ்சினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்டின் முன்முனை குட்டையாக இருக்கும். அதில் புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) உட்காரும் சாவிப் பள்ளம் தேய்ந்து, புல்லி ஆட ஆரம்பிக்கும். முன்னாலிருந்து பார்த்தால் புல்லியின் நடுவில் நான்கு வெட்டு இருந்தால் குட்டை மூக்கு, எட்டு இருந்தால் திருத்தப்பட்ட நீள மூக்கு. நான்காக இருந்தாலும் கவனமாக வைத்திருந்த கார்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. எஞ்சின் ஓடும்போது புல்லி தள்ளாடுகிறதா என்று பார்த்தால் போதும்.

டைமிங் பெல்ட் 60,000 மைலுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது. வாட்டர் பம்பும் கூடவே மாறியிருந்தால் நல்லது. ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கணக்குப் போட்டு விலையில் கழியுங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கறுப்பாக இருக்க வேண்டும். பச்சை கலந்த பழுப்புக்கு மாறியிருந்தால் அதற்கு ஆயுள் முடிந்தது. எஞ்சினின் பின்பக்கம் ஆயில் கசிவு தெரிந்தால் அதிர வேண்டாம். வால்வைத் தள்ளும் கேம் தண்டின் கோணத்தைக் காட்டும் சென்சாரின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் அப்படிக் கசியும். வளையம் மலிவு, கை நுழைவதுதான் சிரமம்.

ஓட்டிப் பார்ப்பது

இருபது நிமிடமாவது ஓட்டுங்கள். உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். குளிர்ந்த நிலையில் இரண்டாவது கியர் முரண்டு பிடிப்பது இந்தக் காரின் சுபாவம். சூடான பிறகும் கரகரவென்று உறுமினால் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. கிளட்ச் பெடல் தரையை ஒட்டித்தான் பிடிக்கிறது என்றால் பெரும்பாலும் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரில் கசிவு; சின்னச் செலவு.

நேர் ரோட்டில் ஸ்டியரிங் ஒருபக்கம் இழுத்தால், அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சீராக்குவது) செய்தால் சரியாகும் என்பார்கள். ஆனால் பழைய எம்எக்ஸ்-5-இல் அலைன்மென்ட் போல்ட்டுகள் துருவேறி இறுகிவிடும். அறுத்து எடுத்து மாற்ற வேண்டி வரலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2315 என்றால் 2015-இன் 23-ஆவது வாரம். பள்ளம் ஆழமாக இருந்தாலும் பத்து வயது டயர் கல் மாதிரி இறுகியிருக்கும். பின் சக்கரம் இழுக்கும் எடை குறைந்த காரில், மழை ரோட்டில், அது உயிரோடு விளையாடும் விஷயம்.

திரும்பி வந்ததும் அணைக்காமல் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். வெப்பமுள் நடுவைத் தாண்டாமல் நிற்க வேண்டும், ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும்.

வேறு கார் மேல் கண் இருந்தால்

முறை இதேதான், ஒவ்வொரு மாடலுக்கும் அதன் நோய் எதுவென்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். 1996-இல் வந்த முதல் தலைமுறை போர்ஷ பாக்ஸ்டர் இப்போது கைக்கு எட்டும் விலைக்கு வந்திருக்கிறது. அதன் எஞ்சினுக்குள் ஐஎம்எஸ் என்கிற இடைத்தண்டின் பேரிங் தேய்ந்து உடைந்தால் உலோகத்தூள் பரவி எஞ்சினே போய்விடும். கிளட்ச் மாற்ற கியர்பாக்ஸை இறக்கும்போது இதையும் சேர்த்து மாற்றுவதுதான் வழக்கம், அந்த ரசீதைக் கேளுங்கள். மஸ்டா ஆர்எக்ஸ்-8 இன்னும் மலிவு, ஆனால் அதன் ரோட்டரி எஞ்சினுக்கு அதற்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் (உள்ளே உண்டாகும் அழுத்தம்) பார்க்காமல் வாங்கக் கூடாது. சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகத் திணறினால் எஞ்சின் தளர்ந்துவிட்டது. எம்எக்ஸ்-5-இன் நோய் கண்ணுக்குத் தெரியும், கைக்கு அகப்படும். புதியவர்களுக்கு நான் இதைச் சொல்வது அதனால்தான்.

குறைந்த மைல் என்பதில் மயங்காதீர்கள். 40,000 மைல் ஓடிவிட்டு எட்டு வருடம் ஷெட்டில் நின்ற காரில் ரப்பர் எல்லாம் காய்ந்திருக்கும், பின் பிரேக் காலிப்பர் இறுகியிருக்கும். 1,20,000 மைல் ஓடி, ஒவ்வொரு வருடமும் ஆயில் மாற்றிய ரசீதுக் கட்டோடு வரும் காரையே நான் எடுப்பேன். என் இரண்டாவது கார் அப்படிப்பட்டதுதான். விற்ற பெரியவர் 14 வருட ரசீதையும் தேதி வாரியாகக் கோப்பில் போட்டு வைத்திருந்தார்.

பணம் கொடுக்கும் நாளும் அடுத்த சில வாரமும்

வி5சி, நம்மூர் ஆர்சி புக் போன்றது, அசலைப் பாருங்கள். அதில் உள்ள முகவரியில்தான் கார் நிற்கிறதா, பானெட்டுக்குள் பதித்த சேஸிஸ் எண் அதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். கண்ட குறைகளை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவைப் போட்டு, அதை வைத்தே விலை பேசுங்கள். பேச்சு மரியாதையாக இருக்கும், குறையவும் குறையும். காரின் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது கையில் மிச்சம் வைத்துக்கொண்டு வாங்குங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் மாற்றினேன் என்று சொன்னாலும் பரவாயில்லை. டைமிங் பெல்ட் ரசீது இல்லாவிட்டால் அதுவும் முதல் மாதத்திலேயே. குளிர்காலம் தொடங்கும் முன் சில்லுக்குள்ளும் சேஸிஸ் தண்டுக்குள்ளும் மெழுகு வகைத் துருத்தடுப்பைப் பீய்ச்சச் சொல்லுங்கள். காய்ந்த தகட்டில்தான் அது பிடிக்கும். அப்புறம் அந்தக் கூரைக் குழாய்: இலையுதிர்காலம் முடிந்ததும் ஒருமுறை, வசந்தத்தில் ஒருமுறை, வளையும் நைலான் கம்பியை மெதுவாக விட்டுத் துழாவி, அதே ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று குனிந்து பாருங்கள்.